மானுக்குச் சாட்சி சொல்லப் போனவன்

ஆக்லாந்துத் தமிழ் வீடுகளின் வரவேற்பறைச் சுவரில் இறந்துபோன ஒருவர் புதுச் சட்டையோடு சிரித்துக்கொண்டு நின்றால், அது பெரும்பாலும் என் கைவேலையாக இருக்கும். வார நாட்களில் மங்கரேயில், விமான நிலையத்துக்குப் பக்கத்துச் சரக்குக் கிடங்கொன்றின் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். சனி ஞாயிறுகளில் கல்யாணம், பூப்பெய்திய பிள்ளைக்குச் செய்கிற சாமத்திய வீடு, அரங்கேற்றம் என்று படம் எடுக்கிறேன். விசா கிடைக்காத தாய்மாரை மணவறையில் நிறுத்துவதும், எப்போதோ காலமான தகப்பனைப் பேத்தியின் பிறந்தநாள் கேக்குக்குப் பின்னால் கொண்டுவருவதும் என் விசேஷம். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்று பார்த்து, சேலைக் கரைக்கு நிழல் கொடுத்து, காதோர நரைமுடிகூட அறுந்துபோகாமல் வெட்டி ஒட்டுவேன். யாழ்ப்பாணத்தார் மட்டுமல்ல, மலேசியக்காரரும் தமிழ்நாட்டுக்காரரும் இதற்காகவே என்னைத் தேடி வருவார்கள். போன் செய்பவர்கள் கல்யாணத் திகதியைச் சொல்வதற்கு முன்பே, வர முடியாதவர்களின் எண்ணிக்கையைச் சொல்லிவிடுவார்கள்.

ஆனால் திகதியில் மட்டும் நான் பொய் சொல்வதில்லை. ஒவ்வொரு படத்துக்கும் எடுத்த திகதிதான் பெயர். ஒட்டிய மாமியின் முகம் வேறொரு வருடத்தில் எடுத்ததென்றால் அந்தத் திகதியும் பக்கத்தில் இருக்கும். எடுத்த எதையும் நான் அழிப்பதும் இல்லை. கண் மூடிய மாப்பிள்ளை, வாய் நிறைய வடையோடு ஐயர், தும்முகிற மணப்பொம்பிளை எல்லாரும் ‘கழிவு’ என்ற ஃபோல்டரில் பத்திரமாக இருக்கிறார்கள். வரலாற்றுப் புத்தகங்களை அளவுக்கு மீறி வாசித்ததால் வந்த பழக்கம் இது. பேரரசர்களின் கல்வெட்டில் இருப்பது அவர்கள் சொல்ல விரும்பியது. அவர்கள் என்ன தின்றார்கள் என்பது குப்பைமேட்டில்தான் இருக்கிறது.

என்னை மான் வேட்டைக்கு அழைத்தவர் எங்கள் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். அவரும் யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட வயதில் குறைந்தவர், ஆகவே எனக்குத் தம்பி. கூட வேலை செய்யும் சமோவாக்காரர் ஒருவர் அவரை ஒருமுறை காட்டுக்குக் கூட்டிப் போனார், அதோடு பிடித்துக்கொண்டது. துவக்கு வாங்குவதற்கு லைசென்ஸ் எடுத்தார். இந்த நாட்டில் அதற்குப் பொலிஸார் மனைவியைத் தனியாக இருத்தி, இந்த மனிதரின் கையில் துவக்கைக் கொடுக்கலாமா என்று கேட்பார்கள். துவக்கைக் கொடுக்கலாம், அடுப்படியைத்தான் கொடுக்க முடியாது என்று தம்பியின் மனைவி சொன்னதாகக் கேள்வி.

வேட்டை என்றால் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்பி வருவது என்று எனக்கு அப்போது தெரியாது. எங்கள் சனத்துக்கும் தெரியாது. தம்பி சனிக்கிழமை விடிய முன் போவார், பின்னேரம் வருவார், கையில் ஒன்றும் இருக்காது. எப்போதாவது இறைச்சி வரும்போது அது அதைவிடச் சந்தேகமாக இருக்கும். ஏனென்றால் இரத்தமும் மயிரும் வீட்டுக்குள் வரக்கூடாது என்பது மனைவியின் சட்டம். அதை மதித்து அவர் பண்ணையிலேயே தோலை உரித்து, துண்டு போட்டு, வெள்ளைப் பையில் கட்டி, கையைக் காலைக் கழுவி, உடுப்பு மாற்றி, சீவிச் சிங்காரித்துக்கொண்டு வருவார். கடையில் வாங்கிய இறைச்சிகூட அவ்வளவு துப்புரவாக இராது.

காட்டிறைச்சியை விற்பது இங்கே சட்டவிரோதம். ஆகவே அவர் அதைத் தெரிந்த வீடுகளுக்கெல்லாம் பங்கு போட்டுக் கொடுத்தார். வினை அங்கேதான் தொடங்கியது. சும்மா கிடைக்கிற பொருளை வாங்குகிற தமிழன் முதலில் அதை முகர்ந்து பார்ப்பான், பிறகு கொடுத்தவனைப் பற்றி விசாரிப்பான். நகர மையத்தில் ஒரு வங்கியில் வேலை செய்யும் மலேசியக்காரர் ஒருவர் எங்கள் வட்டத்தில் உண்டு. கோயில் அன்னதான வரிசையில் நின்றுகொண்டு அவர்தான் விளக்கம் சொன்னார். ஆள் மானுக்குப் போகவில்லை, டவுனில் சூதாட்ட விடுதிக்குப் போகிறார். தோற்றால் வெறுங்கை, வென்றால் வரும் வழியில் இறைச்சிக்கடை. வங்கிக்காரர் சொன்னதால் அதற்குக் கணக்கறிக்கையின் கனம் வந்துவிட்டது. சாம்பாருக்கும் பாயசத்துக்கும் இடையில் கதை தம்பியின் மனைவியிடம் போய்ச் சேர்ந்தது.

அவர் மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளராக இருக்கிறார். எதையும் இரண்டு தரம் சரிபார்த்துக் கொடுக்கும் வேலை. சத்தம் போடவில்லையாம். சித்திரைப் புத்தாண்டுக்குள் ஆதாரம் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் துவக்கை விற்றுவிட்டுச் சனிக்கிழமைகளில் பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போக வேண்டும் என்று மட்டும் சொன்னாராம். தம்பி என்னிடம் இதைச் சொன்னது மார்ச் கடைசியில், கிடங்கின் சாப்பாட்டு அறையில். பிள்ளைகளைக் கூட்டிப் போவதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. தன் மனைவி தன்னைப் பார்க்கிற பார்வைதான் தாங்க முடியவில்லை என்றார்.

“நீங்கள் ஒருக்கா வந்து படம் எடுத்தால் காணும் அண்ணை. நீங்கள் எடுத்த படத்தை ஆர் நம்பாமல் விடப்போறினம்?”

என் தொழிலை அறிந்தவர் எவருக்கும் இந்த இடத்தில் சிரிப்பு வந்திருக்க வேண்டும். அவருக்கும் வரவில்லை, எனக்கும் வரவில்லை. நான் பெருமையோடு சரி என்றேன்.

புத்தாண்டுக்கு முந்திய சனிக்கிழமை புறப்பட்டோம். ஏப்ரல், இங்கே இலையுதிர்காலம். மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளிய அடுத்த வாரம். என் கமராவின் மணிக்கூட்டையும் முதல்நாளே சரிசெய்திருந்தேன், சாட்சி சொல்லப் போகிறவன் நேரம் பிசகக்கூடாது அல்லவா. வடமேற்கே கைப்பாரா பக்கம் ஒரு செம்மறிப் பண்ணை. தன் புல்லை மான்கள் தின்று தீர்க்கின்றன என்ற கவலையில் அந்தப் பண்ணைக்காரர் தம்பியை உள்ளே விடுவார்.

காரை விட்டு இறங்கியதும் தம்பி என் தோளருகே வந்து மூக்கைச் சுழித்தார். முதல்நாள் வெள்ளிக்கிழமை. என் மனைவி சாம்பிராணித் தட்டை வீடு முழுக்கக் காட்டும்போது கதிரையில் கிடந்த என் ஜாக்கெட்டுக்கும் காட்டியிருக்கிறார். கமராப் பைக்கும் தனியாகக் காட்டியிருக்கிறார் போலும், நல்ல காரியத்துக்குப் போகிறதே என்று. மான் கண்ணை நம்புவதில்லை, மூக்கைத்தான் நம்பும் என்றார் தம்பி. ஜாக்கெட் காரிலேயே சிறையிருந்தது. அதற்குப் பதில் கிடங்கில் நாங்கள் போடுகிற செம்மஞ்சள் பாதுகாப்பு மேலங்கி ஒன்றைத் தந்தார். மனிதக் கண்ணில் அறைகிற அந்த நிறம் மானின் கண்ணுக்குப் பெரிதாகப் படாதாம். என் வெள்ளை லென்ஸைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். அதைச் சுற்ற ஒன்றும் இல்லை. காரின் பின்பக்கத்தில் கிடந்த, இடுப்பில் கட்டுகிற அவருடைய பச்சைச் சாரம் ஒன்றைச் சுற்றினோம். மங்கரே மேலங்கியோடு, சாரம் கட்டிய கமராவோடு, குளிரில் பல் கிடுகிடுக்க நான் அவர் பின்னால் போனேன். ஆப்பிரிக்காவில் சிங்கம் எடுக்கிறவர்களின் நினைவுக்குறிப்புகளை நிறைய வாசித்திருக்கிறேன். அவற்றில் ஒருவரும் இப்படிப் போகவில்லை.

பைன் மரக்காடு முடிந்து மானுக்கா புதர் தொடங்கும் இடத்தில், ஒரு பள்ளத்தைப் பார்த்தபடி குப்புறப் படுத்துக் கிடந்தோம். தம்பி காலையிலேயே பிட்டும் மாசிச் சம்பலும் கட்டிக்கொண்டு வந்திருந்தார். ஆனால் காற்று எங்களிடமிருந்து பள்ளத்துக்கு வீசும் வரை பொட்டலத்தைத் திறக்கக் கூடாது என்றார், பிறகு வீசாவிட்டாலும் திறக்கக் கூடாது என்றார். கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து ஒரு சத்தம் வந்தது. கல்யாண மண்டபத்தில் பந்தி முடிந்து பெரியவர்கள் கதிரையில் சாய்ந்து விடுகிற அதே குறட்டை, நடுவில் ஏப்பம். இந்த ஊரில் ஃபாலோ என்று சொல்லப்படும் வகை மான். ஏப்ரல் அவற்றின் கல்யாண மாதம். பெரிய ஆண்மான் ஒரே இடத்தில் நின்று, சாப்பாட்டை விட்டு, நாள் முழுக்கத் தன் பெருமையைக் கத்திக்கொண்டிருக்கும். பெட்டைகள் கேட்டும் கேட்காத மாதிரிப் புல் மேயும். எனக்கு அதில் புதிதாக ஒன்றும் தெரியவில்லை.

அந்தப் பெரியது வெளியே வந்தபோது நான் கமராவைத் தூக்கினேன். அகப்பை மாதிரி விரிந்த கொம்பு. அதற்குக் கொஞ்சம் தள்ளி, இன்னும் சரியாகக் கொம்பு முளைக்காத ஓர் இளம் ஆண். தம்பியின் துவக்கு சின்னதின் பக்கம் திரும்புவதைப் பார்த்து நான் பதறிப்போனேன்.

“பெரிசைச் சுடும் தம்பி,” என்று காதில் ஊதினேன். “கொம்பு படத்துக்கு வடிவாய் இருக்கும்.”

“அது இப்ப தன்ரை மூத்திரத்திலை தானே குளிச்சுக்கொண்டு நிக்குது. கறியை நீங்கள் தின்னுவீங்களோ அண்ணை?”

அதற்குப் பிறகும் அவர் சுடவில்லை. சின்னதின் முன்பாதிதான் தெரிந்தது, பின்பாதி புதருக்குள். தெரிவது மான்தான் என்று முழுதாக நிச்சயப்படுத்தும்வரை விசையில் விரல் போகக்கூடாது என்பது இங்கே வேட்டைக்காரர்களின் முதல் விதி. அந்தப் பின்பாதி வேறொரு மனிதனாகக்கூட இருக்கலாம். கல்யாணத் தரகர்களுக்கும் இந்த விதியை வைத்தால் என் தொழில் பாதியாகக் குறைந்துவிடும். நாங்கள் காத்திருந்தோம். அது ஓர் அடி வைத்தது, இன்னோர் அடி வைத்தது, முழு மானாகியது. அப்போதுதான் வெடித்தது. பெரியது, பெட்டைகள், பறவைகள் எல்லாம் எங்கோ போய்விட்டன. சின்னது மட்டும் இருந்த இடத்தில் சரிந்து கிடந்தது.

தம்பி துவக்கின் குண்டை எடுத்து, ஒரு மரத்தில் சாத்திவிட்டு, பள்ளத்தில் இறங்கினார். நான் பின்னால் படம் எடுத்தபடி போனேன். மானுக்கு நாலைந்து அடி முன்னால் அவர் நின்றார். குனிந்து ஒரு சப்பாத்தைக் கழற்றினார், மற்றதையும் கழற்றினார், சோடியாகப் பக்கத்தில் வைத்தார். பிறகு ஈரப்புல்லில் காலுறையோடு நடந்துபோய், குந்தி, மானின் நெற்றியில் கை வைத்து, அந்தக் கையைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் எதையும் யோசிக்கவில்லை, விரல்தான் அமர்த்தியது.

“என்ன தம்பி, சப்பாத்தைக் கழட்டிப் போட்டீர்?”

அவர் தன் காலைப் பார்த்தார். நான் சொல்லித்தான் அவருக்கே தெரிந்தது என்பது முகத்தில் தெரிந்தது. உடனே வெட்கம் கோபமாக மாறியது. அந்தப் படத்தை அழித்துவிடுங்கோ, சனம் பார்த்தால் வேட்டைக்காரன் கோயிலுக்குப் போனான் என்று ஊர் முழுக்கச் சிரிக்கும் என்றார். ஒருவருக்கும் காட்டமாட்டேன் என்றேன். அழிப்பேன் என்று சொல்லவில்லை.

பிறகு நான் என் தொழிலைக் காட்டினேன். வேட்டைக்காரர்களும் படம் எடுக்கும்போது மானின் நாக்கை வாய்க்குள் தள்ளி, இரத்தத்தைத் துடைத்து, கால்களை ஒழுங்காக மடித்து வைப்பார்கள் என்று தம்பி சொன்னார். பொம்பிளை அலங்காரத்தில் இருபது வருடம் நின்றவனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா. புல்லைச் சீவினேன். கழுத்தைத் திருப்பினேன். தம்பிக்குச் சப்பாத்தை மாட்டி, பின்னால் இருத்தி, நாடியைக் கொஞ்சம் உயர்த்துங்கோ என்றேன். இரண்டாவது தரம் அதை மானிடம் சொன்னேன் என்று தம்பி இன்றைக்கும் சொல்லித் திரிகிறார். திரும்பும்போது அவர் மானை முதுகில் கட்டிக்கொண்டார். வேறு வேட்டைக்காரன் தூரத்தில் நின்று பார்த்து மான் என்று சுட்டுவிடக் கூடாது என்பதற்காக என் செம்மஞ்சள் மேலங்கி மானுக்குப் போனது. நான் சட்டையோடு நடுங்கிக்கொண்டு நடந்தேன். விமான நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த மான் மாதிரி அது தம்பியின் தோளில் தலையாட்டிக்கொண்டு வந்தது. அதையும் எடுத்தேன், சிரிப்புக்கு.

வீட்டில் உட்கார்ந்து மிகச் சிறந்த படத்தைத் தேர்ந்தேன். பின்னால் தெரிந்த தண்ணீர்த் தாங்கியை எடுத்தேன், மின்கம்பத்தை எடுத்தேன், மானின் காதில் இருந்த ஈயை எடுத்தேன். மேகமூட்டத்தைக் கொஞ்சம் திறந்து பொன்வெயில் விட்டேன். தம்பியின் கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பைத் தடவிவிட்டேன். சட்டம் போட்டேன். பின்னால் திகதி எழுதினேன்.

புத்தாண்டன்று எல்லா வீட்டிலும் மரக்கறி. மானும், தம்பியின் தவணையும் அடுத்த ஞாயிறுவரை குளிரில் கிடந்தன. அந்த ஞாயிறு தம்பி வீட்டில் நாலு குடும்பம் கூடியது, வங்கிக்காரரும் வந்தார். படத்தைத் தம்பியின் மனைவியிடம் கொடுத்தேன். அவர் அதை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்திச் சுவரைப் பார்த்தார். சுவரில் அவர்களுடைய கல்யாணப் படம். நான் எடுத்ததுதான். மணவறையில் பொம்பிளைக்குப் பக்கத்தில் பட்டுச்சேலையோடு அவருடைய தாயார் நிற்கிறார். அன்றைக்கு அந்தத் தாயார் விசா மறுக்கப்பட்டு வவுனியாவில் இருந்தார்.

“அண்ணை, அம்மாவை வைச்சதைவிட இது நல்லாய் வந்திருக்கு,” என்றார்.

அறை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. படம் கைக்குக் கை மாறியது. கொம்பில்லாததால் அது ஆடு என்று ஒருவர் சொன்னார். வங்கிக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, வானத்தைப் பார்த்து, புல்லைப் பார்த்து, பரிவோடு என் தோளைத் தட்டினார்.

“பாஸ், இந்த ஆட்ட எந்த வெப்சைட்ல எடுத்தீங்க? நெழல் எல்லாம் கரெக்டா விழுது லா.”

கமராவில் நேரம் பதிவாகியிருக்கிறது என்று நான் சொன்னேன். நேரத்தையும் நீங்கள்தானே டைப் பண்ணுவீர்கள் என்றார் இன்னொருவர். என் வாழ்க்கையில் முதன்முறையாக நான் எதையும் ஒட்டவில்லை, அதை நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. அன்றைக்கு மட்டும் அடுப்படி கிடைத்த தம்பி அதன் வாசலில் கரண்டியோடு நின்று என்னைப் பார்த்தார். இவ்வளவு நாளும் அவர் பட்ட அவமானம் என் பொன்வெயிலில் பளபளவென்று பூர்த்தியாகிவிட்டது.

சனம் சாப்பிட உட்கார்ந்த பிறகு தம்பியின் மனைவி என்னைப் பிள்ளைகளின் அறைக்குக் கூப்பிட்டார். லாப்டொப்பைத் திறக்கச் சொன்னார்.

“எடுத்த எல்லாத்தையும் காட்டுங்கோ. நீங்கள் ஒண்டையும் அழிக்கிறேல்லை எண்டு தெரியும். நான் தும்மினதுகூட உங்களிட்டை இருக்கு.”

கொடுத்த வாக்கை நினைத்து நான் தயங்கினேன். அவர் காத்திருக்கவில்லை, கழிவைத் தானே திறந்தார். தம்பியின் பின்பக்கம் புதருக்குள் நுழைகிறது. திறக்கக் கூடாது என்ற பிட்டு மீசையில் ஒட்டியிருக்கத் தம்பி படுத்திருக்கிறார். மேலங்கி போட்ட மான். மருந்துச் சீட்டுப் பார்க்கிற கண்ணோடு ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நின்றார். குந்தியிருக்கும் மனிதன், நெற்றியில் கை, அரைவாசி கலங்கிய படம். ஒரு காலில் கறுப்புக் காலுறை. மற்றதில் இளஞ்சிவப்பு, அதில் மஞ்சள் அன்னாசிப்பழங்கள், பெருவிரல் வெளியே.

“இந்தச் சொக்ஸை நான் பெப்ரவரியிலையிருந்து தேடுறன்,” என்றார். “வோஷிங் மெஷின் விழுங்கிப்போட்டுது எண்டு சொன்னவர்.”

படத்தைப் பெரிதாக்கினார். பக்கத்தில் சோடியாக வைத்திருந்த சப்பாத்துகளைப் பார்த்தார்.

“நீங்களோ கழட்டச் சொன்னது?”

“இல்லை. நான் சப்பாத்தோடைதான் நிண்டனான்.”

“கோயில் வாசலிலைகூட கழட்டச் சொல்லி இந்த மனிசனுக்கு நான் ரெண்டு தரம் சொல்லவேணும்.”

அவ்வளவுதான். கண் கலங்கியதா என்று நான் பார்க்கவில்லை. எழும்பி அடுப்படிக்குப் போனார். தம்பி சட்டியைக் கிண்டிக்கொண்டிருந்தார், தீர்ப்புக்குக் காத்திருக்கும் முதுகோடு. நான் லாப்டொப்பை மூடிக்கொண்டு வெளியே வரும்போது கேட்டது இதுதான்:

“வாற சனி போகேக்கை என்ரை சொக்ஸைப் போட்டுக்கொண்டு போகவேண்டாம்.”

கரண்டி ஒரு கணம் நின்றது. பிறகு முன்னைவிட வேகமாகக் கிண்டியது.

மே மாதம் தம்பியின் மனைவி என்னைக் கூப்பிட்டார். அந்தக் கலங்கிய படம் பெரிதாக வேண்டும், சுவரில் மாட்ட. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எடுத்தபடியே சுவருக்குப் போகும் என் முதல் படம் அதுவாக இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார். ஒரே ஒரு திருத்தம் என்றார். வருகிற சனம் சொக்ஸைப் பார்த்துச் சிரிக்கும், ஆகவே காலுக்குச் சப்பாத்துப் போட்டுவிட வேண்டும்.

நான் வாதாடிப் பார்த்தேன். அந்தச் சொக்ஸ்தான் சாட்சி என்றேன். எனக்குத் தெரிய வேண்டியது எனக்குத் தெரிந்துவிட்டது, சனத்துக்கு அது தேவையில்லை என்றார். தம்பிக்கும் அதில் முழுச் சம்மதம். ஆகவே பண்ணை வாசல் படலையடியில் எடுத்த இன்னொரு படத்திலிருந்து அவருடைய சப்பாத்துகளை வெட்டி, புல் நுனிகளைக் குதியின் மேல் விழவிட்டு, அன்னாசிப்பழங்களை ஒவ்வொன்றாக மூடினேன். கழற்றி வைத்த சோடியையும் எடுத்துவிட்டேன், ஒரு மனிதனுக்கு நாலு சப்பாத்து இருக்க முடியாது. நல்ல வேலை. பின்னால் திகதியை எழுதி, சப்பாத்து ஒட்டியது என்று அடைப்புக்குறிக்குள் குறித்தேன்.

படம் இப்போது கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில், தாயாருக்கு நேரே தொங்குகிறது. அடுத்த மான் விழுந்த பிறகு ஒருநாள் எல்லாரையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். வங்கிக்காரர் கையில் தட்டோடு அதன் முன்னால் நின்று, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, நெடுநேரம் ஆராய்ந்தார்.

“பாஸ், ஒங்க கை இந்தத் தடவ கொஞ்சம் சறுக்கிடுச்சு லா,” என்றார். “மான் ஒட்டினது நல்லாவே தெரியுது. கால்ல இருக்கற பூட்ஸ் மட்டும்தான் ஒரிஜினல்.”

தம்பியின் மனைவி முகத்தில் ஓர் அசைவும் இல்லாமல் அவருடைய தட்டில் இன்னொரு கரண்டி இறைச்சி போட்டார்.